கார்டு கையில… பேரு எங்கே?

வட சென்னையில் வீடு மாறும்போதெல்லாம் தொலையும் ஓட்டுகள்

"கார்டு கீதே சார்… அப்புறம் இன்னா?"

ரேஷன் கார்டு, ஆதார், வாக்காளர் அட்டை மூன்றையும் ஒரே பாலித்தீன் கவரில் போட்டு ரப்பர் பேண்ட் சுற்றி வைத்திருந்தார் அந்த அக்கா. மணிக்கட்டில் மீன் செதில் ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது. விடியற்காலை காசிமேட்டில் ஏலம் எடுத்த கூடையைப் பக்கத்துக் கடைக்காரம்மாவிடம் விட்டுவிட்டு, "அரை மணி நேரத்துல வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு ஓடி வந்தவர்.

2022 பிப்ரவரி 19, சனிக்கிழமை. சென்னை மாநகராட்சித் தேர்தல். ராயபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறை. மேசைக்குப் பின்னால் இருந்த அலுவலர் பட்டியலை முன்னும் பின்னுமாகப் புரட்டினார். "இந்தப் பாகத்துல உங்க பேரு இல்லம்மா. பக்கத்து ரூம்ல பாருங்க." பக்கத்து அறையிலும் இல்லை. அதற்கடுத்த அறையிலும் இல்லை.

"போன தபா இங்கதான் போட்டேன் தம்பி. இதே வாசப்படி."

பேச்சுக் கொடுத்தபோது விஷயம் தெரிந்தது. குடும்பம் பெருகியதும் இருந்த ஒற்றை அறை போதவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் எர்ணாவூர் பக்கம் குடிபோய்விட்டார். தொழில் மட்டும் இன்னும் காசிமேட்டில். புது வீட்டுக்கு கேஸ் மாற்றினார், ரேஷன் கார்டை மாற்றினார், ஆதாரிலும் விலாசம் மாற்றினார். ஓட்டை மாற்ற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பழைய தெருவில் பெயர் போய்விட்டது, புதுத் தெருவில் ஏறவே இல்லை. அன்றைக்கு அவருக்கு ஓட்டு எங்கேயுமே இல்லை.

அந்தத் தேர்தலில் சென்னையில் பதிவானது சுமார் 43.6 சதவீதம். மாநிலம் முழுக்க நகர்ப்புற உள்ளாட்சிகளில் 60 சதவீதத்தைத் தாண்டியபோது, தலைநகரம் கடைசியில் நின்றது. சென்னைக்காரர்களுக்கு அக்கறை இல்லை, லீவு விட்டால் தூங்குகிறார்கள் என்று மறுநாளே பேசத் தொடங்கினார்கள். தூங்கியவர்கள் இருக்கலாம். ஆனால் கூடையை விட்டுவிட்டு ஓடி வந்து, மூன்று அறை ஏறி இறங்கி, கையில் மையில்லாமல் திரும்பிப் போன அந்த அக்காவை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

2022 மார்ச் 2 அன்று பதவியேற்ற கவுன்சிலர்களின் ஐந்தாண்டு 2027 மார்ச் தொடக்கத்தில் முடிகிறது. அதற்குள் அடுத்த மன்றத்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் கட்டளை. அதனால் இந்தப் பேச்சை இப்போதே தொடங்க வேண்டியிருக்கிறது.

அட்டை வேறு, பட்டியல் வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வாக்காளர் அட்டை என்பது நீங்கள் யார் என்று காட்டும் அடையாளம், அவ்வளவுதான். ஓட்டுரிமை இருப்பது பட்டியலில். அட்டை தொலைந்து போனாலும், பட்டியலில் பெயர் இருந்தால் ஆதாரையோ ஓட்டுநர் உரிமத்தையோ படம் ஒட்டிய வங்கிப் புத்தகத்தையோ காட்டி ஓட்டுப் போடலாம். அட்டை பளபளவென்று இருந்து பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்த குழப்பம், தேர்தலை யார் நடத்துகிறார்கள் என்பது. சட்டமன்றம், நாடாளுமன்றத்துக்கு இந்தியத் தேர்தல் ஆணையம். மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சிகளுக்குத் தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம். இரண்டும் வேறு வேறு அமைப்புகள். ஆனால் உள்ளாட்சிக்கென்று நாம் தனியாகப் பெயர் பதிய வேண்டியதில்லை. சட்டமன்றப் பட்டியலை எடுத்து, தெருத் தெருவாக வார்டு வாரியாகப் பிரித்துக்கொள்கிறது மாநில ஆணையம். ஆகவே சட்டமன்றப் பட்டியலில் பெயர் விழுந்தால், கவுன்சிலருக்குப் போடும் ஓட்டும் சேர்ந்தே விழுகிறது.

தேர்தல் அறிவித்த பிறகு சுவரொட்டியைப் பார்த்துவிட்டு ஓடுவதுதான் நம்மூர் வழக்கம். அதற்குள் பட்டியல் பெரும்பாலும் இறுகியிருக்கும். பெயர் சேர்க்க வேண்டிய நேரம், ஊரில் கொடியும் கட்சித் தோரணமும் இல்லாத அமைதியான மாதங்கள்.

> எந்தப் படிவம் எதற்கு?
>
> படிவம் 6: புதிதாகப் பெயர் சேர்க்க. ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகிய நான்கு தேதிகளில் ஏதாவது ஒன்றில் 18 வயது நிறைந்திருந்தால் போதும். 17 முடிந்தவர்கள் முன்கூட்டியே கொடுத்து வைக்கலாம்.
>
> படிவம் 8: வீடு மாறியவர்களுக்கு. அதே தொகுதிக்குள் மாறினாலும் வேறு தொகுதிக்குப் போனாலும் இதுதான். பெயர், வயது, படத்தில் பிழை திருத்தவும், தொலைந்த அட்டைக்குப் பதில் வாங்கவும், மாற்றுத்திறனாளி என்று குறிக்கவும் இதே படிவம்.
>
> படிவம் 7: இறந்தவர், இடம்பெயர்ந்தவர் பெயரை நீக்கக் கோரவும், ஒரு பெயர் சேர்வதை ஆட்சேபிக்கவும்.
>
> கொடுக்கும் இடம்: உங்கள் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலர், அதாவது பி.எல்.ஓ.; வாக்காளர் பதிவு அலுவலகம்; தேர்தல் ஆணையத்தின் இணையதளம் அல்லது செயலி. சந்தேகத்துக்கு 1950.

அரை மணி பஸ் பயணத்தில் மாவட்டம் மாறும்

காசிமேட்டிலிருந்து எர்ணாவூர் ஏழெட்டு கிலோமீட்டர். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை இல்லையென்றால் பஸ்ஸில் அரை மணி நேரம். இரண்டு இடமும் சென்னை மாநகராட்சிதான், இரண்டுக்கும் ஒரே மேயர். ஆனால் வாக்காளர் பட்டியலைப் பொறுத்தவரை அந்த அக்கா தாண்டியது ஒரு மாவட்டத்தை.

ராயபுரமும் ஆர்.கே. நகரும் சென்னை மாவட்டத்தின் 16 சட்டமன்றத் தொகுதிகளுக்குள் வருகின்றன. திருவொற்றியூர் தொகுதியின் பட்டியலோ திருவள்ளூர் மாவட்டத் தேர்தல் நிர்வாகத்தின் கீழ். கத்திவாக்கமும் திருவொற்றியூரும் மணலியும் 2011 வரை தனி நகராட்சிகளாக இருந்தவை. அந்த ஆண்டு மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது சென்னைக்குள் வந்தன. மாநகராட்சியின் எல்லை நகர்ந்தது, சட்டமன்றத் தொகுதிகளின் கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. அதனால் எண்ணூர்க்காரர் சென்னையின் 1ஆவது வார்டில் வசித்து, சென்னை மாநகராட்சிக்கு வரி கட்டி, சென்னை கவுன்சிலருக்கு ஓட்டுப் போடுகிறார். அவர் பெயர் இருக்கும் மூலப் பட்டியல் திருவள்ளூர்க் கணக்கில் இருக்கிறது. இது தெரியாமல் தண்டையார்பேட்டை அலுவலகத்துக்கும் திருவொற்றியூர் அலுவலகத்துக்கும் அலைந்து, பாதி நாள் கூலியை இழந்து, "போதும்டா சாமி" என்று விட்டவர்களை எனக்குத் தெரியும்.

இதைவிட விசித்திரம் எண்ணூர் முகத்துவாரத்தில். கழிமுகத்துக்குத் தெற்கே நின்றால் மாநகராட்சி. வடக்கே அத்திப்பட்டு, காட்டுப்பள்ளிப் பக்கம் போனால் ஊராட்சி. தெற்கே ஒருவருக்கு ஒரே ஒரு ஓட்டு; வார்டு கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்க, இயந்திரத்தில். வடக்கே நான்கு ஓட்டு. வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் என நான்கு நிறத்தில் நான்கு வாக்குச்சீட்டுகள். திருவள்ளூர் மாவட்ட ஊராட்சிகளுக்குக் கடைசியாக 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. 2025 ஜனவரி 5 அன்று பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். ஒரே நீரில் இறால் பிடிக்கிற இரண்டு கரைக்காரர்களில் ஒரு கரைக்குக் கவுன்சிலர் இருந்தார், மறு கரையில் தலைவர் நாற்காலி காலியானது.

97 லட்சம் பெயர்களும் பூட்டிய வீடுகளும்

2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. வீடு வீடாகக் கணக்கெடுப்புப் படிவம். டிசம்பர் 19 அன்று வரைவுப் பட்டியல் வந்தபோது, ஏறக்குறைய 6.41 கோடியாக இருந்த பெயர்களில் சுமார் 97 லட்சம் இல்லை. சென்னை மாவட்டத்தில் மட்டும் 14 லட்சத்துக்கும் மேல். மூன்றில் ஒரு பங்குக்கு மேல். இறந்தவர்கள், இரண்டு இடத்தில் இருந்தவர்கள் உண்டு. ஆனால் மாநில அளவில் மிகப் பெரிய கூட்டம், 'இடம்பெயர்ந்தவர் அல்லது விலாசத்தில் இல்லாதவர்' என்ற தலைப்பில் வந்தது. அதற்குப் பின் விண்ணப்பித்துத் திரும்ப ஏறியவர்களும் இருக்கிறார்கள்.

செத்தவர் பெயரில் ஓட்டு விழக்கூடாது. பட்டியல் சுத்தமாக வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. 'விலாசத்தில் இல்லாதவர்' என்ற அந்தத் தலைப்புதான் என்னை உறுத்துகிறது. வட சென்னையில் விலாசத்தில் இருப்பது என்றால் என்ன? புருஷன் விடியுமுன் துறைமுகத்துக்கு, பெஞ்சாதி மீன் ஏலத்துக்கு, பிள்ளைகள் பள்ளிக்கு. காலை பதினொரு மணிக்குப் போய்த் தட்டினால் பாதி வீடு பூட்டித்தான் இருக்கும். போட்டில் போனவர் வாரம் கழித்துக் கரைக்கு வருவார். ஹவுசிங் போர்டு என்று எல்லோரும் சொல்கிற வாரியக் குடியிருப்பைப் புதிதாகக் கட்ட இடித்தால், அங்கிருந்த அத்தனை குடும்பமும் ஒரே மாதத்தில் நாலு பக்கமும் வாடகைக்குச் சிதறும். கட்டி முடித்துத் திரும்பச் சில வருஷம் ஆகும். கரையோரக் குடிசைகளை எடுத்து நகரத்தின் மறுகோடியில் குடியமர்த்துவதும் இங்கே பழகிப்போன கதை. பதினோரு மாத வாடகைக்காரர்கள் கதை தனி.

இங்கே இரண்டு சட்ட விஷயத்தை எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஒன்று, பட்டியலில் சேர வீடு சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. அங்கே வழக்கமாகக் குடியிருந்தால் போதும். வீட்டுக்காரர் ஒப்புதல் தேவையே இல்லை. கரண்டு பில் நகல் கேட்டால் முகத்தைச் சுளிக்கும் ஓனர்கள் நிறைய. பயப்பட வேண்டாம், ஆதாரிலோ வங்கிப் புத்தகத்திலோ அந்த விலாசம் இருந்தால் அதைக் கொடுக்கலாம். விலாசமே இல்லாமல் நடைபாதையில் படுத்திருப்பவருக்கும் உரிமை உண்டு. சொன்ன இடத்தில்தான் தூங்குகிறாரா என்று அலுவலர் இரவில் வந்து பார்க்க வேண்டும், கையில் காகிதம் இல்லை என்று திருப்பி அனுப்பக்கூடாது.

இரண்டு, 'இங்கே குடியில்லை' என்று ஒருவர் பெயரை நீக்கும் முன் அவருக்குத் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 22ஆவது பிரிவு அது. நோட்டீஸ் போவது பழைய விலாசத்துக்கு என்பதுதான் துயரம். ஆள் போன வீட்டின் கதவில் ஒட்டிய காகிதத்தை யார் படிப்பார்கள்? பதிவு அலுவலரின் முடிவு தவறென்று தோன்றினால் 15 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் 30 நாளுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம்.

வீடு மாறிய அன்றே படிவம் 8 கொடுத்துவிட்டால் இந்த அலைச்சல் பெரும்பாலும் இல்லை. கேஸ் புக்கை மாற்றும்போது இதையும் மாற்றுங்கள் என்பதுதான் நான் தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டிருப்பது. பழைய இடத்திலும் ஒரு ஓட்டு இருக்கட்டுமே என்று புது இடத்தில் படிவம் 6 போடுவது குற்றம். பொய்யான உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறை.

கவுன்சிலர் இல்லாத காலம்

"கவுன்சிலரால இன்னா ஆவப்போவுது?" என்று கேட்பவர்களுக்கு வட சென்னையே பதில் வைத்திருக்கிறது. மன்றம் இல்லாமலே வாழ்ந்து பார்த்த ஊர் இது.

1973 டிசம்பரில் சென்னை மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996இல்தான். 2016 அக்டோபரில் மறுபடியும் பதவிக்காலம் முடிந்தது. அறிவித்திருந்த தேர்தலை அந்த மாதம் 4ஆம் தேதி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. இட ஒதுக்கீடு, வார்டு வரையறை, வழக்கு என்று இழுத்து, மக்கள் ஓட்டுப் போட 2022 ஆகிவிட்டது. 1973 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரையான 48 ஆண்டுகளில் ஏறக்குறைய 28 ஆண்டுகள் இந்த நகரத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை.

அந்தக் கடைசி இடைவெளியில் இந்தப் பகுதிக்கு என்னென்ன வந்தது என்று எண்ணிப் பாருங்கள். 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, கரையெல்லாம் எண்ணெய் ஒதுங்கியது. எர்ணாவூர்க் கரையில் வாளியால் அள்ளினார்கள். 2018இல் சொத்து வரி உயர்ந்தது, மன்றத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்க ஒருவரும் இல்லை. 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் பேச்சு சூடானபோது, அதே உயர்வு நிறுத்திவைக்கப்பட்டது. தேர்தல் வருகிறது என்ற பேச்சுக்கே அவ்வளவு பலம் இருந்திருக்கிறது. (மன்றம் வந்த மறுமாதமே, 2022 ஏப்ரலில், 25 முதல் 150 சதவீதம் வரை உயர்வு அறிவிக்கப்பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த முறை எந்தக் கவுன்சிலர் எழுந்தார், எவர் கை தூக்கினார் என்று தெருவில் நிறுத்திக் கேட்க ஆள் இருந்தார்கள்.)

2020ஐ இங்கே யாரும் மறக்கவில்லை. கொரோனாவின் முதல் மாதங்களில் நகரத்தின் 15 மண்டலங்களில் அதிகம் அடிபட்டது ராயபுரம். ஒரு சந்துக்குத் தகரம் அடித்து அடைத்தால் உள்ளே இருப்பவருக்குப் பால் யார் தருவது, மாத்திரை யார் வாங்குவது? சந்து பொந்தெல்லாம் தெரிந்த, ராத்திரி கதவைத் தட்டக்கூடிய ஒரு வார்டு ஆள் அப்போது இல்லை. தன்னார்வலர்களும் மாநகராட்சி ஊழியர்களும் உயிரைக் கொடுத்து ஓடினார்கள். அவர்களிடம் நன்றி சொல்லலாம், தவறினால் ஓட்டு மூலம் கணக்குக் கேட்க முடியாது.

கவுன்சிலரால் முடியாதது எது என்பதையும் பேசிவிட வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கொசஸ்தலை ஆற்றில் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தைக் கறுப்பாக்கியது. அதே மாதம் 26 இரவு, பெரியகுப்பத்துக்கு அருகே ஓர் ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து ஜனங்கள் மூச்சுத் திணறித் தெருவில் ஓடினார்கள். ஆலைக்கு அனுமதி தருவது கவுன்சிலர் இல்லை. அது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வேலை. துறைமுகம் ஒன்றிய அரசிடம். குடிநீரும் பாதாளச் சாக்கடையும் மெட்ரோ வாட்டர். கவுன்சிலரின் கைக்குள் இருப்பது மழைநீர் வடிகால், தெரு, தெருவிளக்கு, குப்பை, மாநகராட்சிப் பள்ளி, சுகாதார நிலையம், பொதுக் கழிப்பிடம், சுடுகாடு, அம்மா உணவகம். வாயு கசிந்த ராத்திரி ஆட்களை ஏற்றிக்கொண்டு எந்தப் பள்ளிக்கூடத்தைத் திறப்பது என்று கேட்டால் கை காட்ட வேண்டியவர் அவர்தான். 2023-24 பட்ஜெட்டில் 1,000 கோடியோடு அறிவித்த வட சென்னை வளர்ச்சித் திட்டத்தில், உங்கள் தெரு வருகிறதா பக்கத்துத் தெரு வருகிறதா என்று சண்டை போட வேண்டியவரும் அவர்தான்.

மன்றத்தில் ஒரு தீர்மானம் என்ன செய்யும் என்பதற்கு நம் பக்கத்து ஆள் ஒருவரே சாட்சி. வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்த 1920இல், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு தலைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி தர மன்றம் ஒப்புதல் தந்தது. தமிழ்நாட்டின் பள்ளிச் சாப்பாட்டுக் கதை அந்த ஓரணாவில் தொடங்குகிறது. நூறு ஆண்டு கழித்து 2022இல் மேயரான ஆர். பிரியாவும் வட சென்னைக்காரர்தான், திரு.வி.க. நகர், 74ஆவது வார்டு. இந்தப் பதவிக்கு வந்த முதல் தலித் பெண்.

> ஓட்டுப் போடும் நாளில்
>
> சட்டமன்றத் தேர்தலில் போட்ட அதே பள்ளிக்கூடம்தான் என்று நினைத்துப் போகாதீர்கள். வார்டு வாரியாகப் பிரிக்கும்போது சாவடி மாறியிருக்கலாம். முந்தின நாளே வார்டு எண், பாகம் எண், வரிசை எண் மூன்றையும் குறித்து வையுங்கள்.
>
> மேயரை நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. 2022இல் நடந்ததுபோல் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தத் தேர்தலில் நோட்டா பொத்தானும் இல்லை.
>
> உங்கள் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டுப் போயிருந்தால் திரும்பி வராதீர்கள். தலைமை அலுவலரிடம் அடையாளத்தைக் காட்டி, ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டு கேளுங்கள். அது தனி உறையில் வைக்கப்படும். இயந்திர எண்ணிக்கையில் சேராது. ஆனால் முறைகேடு நடந்ததற்கு எழுத்தில் ஒரு சாட்சி.
>
> முறைகேடு உறுதியானால் மறுவாக்குப்பதிவு உண்டு. 2022 பிப்ரவரி 21 அன்று 51ஆவது வார்டில், வண்ணாரப்பேட்டைச் சாவடி ஒன்றில் நடந்தது.
>
> நீங்களே நிற்க வேண்டுமானால் 21 வயது நிறைந்திருக்க வேண்டும், பெயர் அந்த மாநகராட்சியின் பட்டியலில் இருக்க வேண்டும். வார்டுகளில் பாதி பெண்களுக்கு.

எர்ணாவூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

அந்த அக்காவை மறுபடி பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏலம் முடிந்து அவர் வீடு திரும்பிய பிறகு. அதே கவர், அதே ரப்பர் பேண்ட். பிளஸ் டூ முடித்த பேத்தி தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து படிவம் 8ஐ நிரப்பிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுக்கான படிவம் 6.

"ஆயா, பழைய வூட்டு நம்பர் சொல்லு."

ஆயாவுக்கு நம்பர் நினைவில்லை. மாதா கோயில் சந்து, மூன்றாவது வீடு, கீழ் போர்ஷன், வாசலில் கை பம்பு. அதுதான் விலாசம். அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பி, மங்கிப்போன எழுத்தை வெளிச்சத்தில் பிடித்து, பேத்தி ஒவ்வொரு எண்ணாகப் படித்து எழுதினாள். அட்டை எண்ணைத் தேடியபோது பழைய பாகத்தில் பெயர் இல்லை என்றே வந்தது. அப்படியானால் படிவம் 8 செல்லாது, இதையும் படிவம் 6ஆகத்தான் கொடுக்க வேண்டும் என்று பி.எல்.ஓ. போனில் சொன்னார். பேத்தி முதல் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தாள்.

"இன்னாடி, மறுபடியுமா?"

"மறுபடியும்தான் ஆயா. ஃபோட்டோ ஒண்ணு குடு."

அக்கா எழுந்து, சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருந்த உறையிலிருந்து பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒன்றை எடுத்து, முந்தானையால் துடைத்துக் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, இந்தத் தெரு எத்தினியாவது வார்டு, இங்கே கவுன்சிலர் யார், தெருமுனையில் மூடியில்லாமல் கிடக்கிற கால்வாய்க்கு யாரைப் போய்ப் பார்ப்பது என்று வரிசையாகக் கேட்க ஆரம்பித்தார்.